இழைசார் தரவுப் பதிவின் வரலாறு

இழைசார் தரவு என்பது ஒரே நிரலுக்குள் ஒரே காலத்தில் இயங்கும் பல இழைகளில் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியாக வைத்திருக்கும் தரவைக் குறிக்கும். த்ரெட் எனப்படும் இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்பவை. ஓர் இழை எழுதியதை மற்றோர் இழை படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். இழைகளின் பயன் இதில்தான் உள்ளது. தொல்லையும் இதிலிருந்தே வருகிறது. பகிரக் கூடாத தரவும் நிரலில் உண்டு. அத்தகைய தரவுக்கு மாறியின் பெயர் ஒன்றாக இருக்க, படிக்கும் இழைக்கு ஏற்ப மதிப்பு வேறாக இருக்க வேண்டும்.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இந்த வசதியை முறைப்படுத்தியது 1995-இல் ஏற்கப்பட்ட போசிக்ஸ் 1003.1சி தரநிலை. ஒரு நிரலகம் தன் தரவுக்காக ஒரு சாவியைப் பதிவு செய்துகொள்ளும். ஒவ்வோர் இழையும் அந்தச் சாவியின்கீழ் தன் மதிப்பை வைக்கும். பதிவு செய்யும் வேலை தொடக்கத்திலிருந்தே எளிதாக இருந்தது. இழை முடியும்போது தரவைத் துப்புரவு செய்வதும், நிரலகம் விலகும்போது பதிவை நீக்குவதும் அப்படி இல்லை. இழைசார் தரவின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரு வேலைகளுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

பின்னணி: ஒரே ஓர் எர்நோ

1969-இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸும், அதனோடு சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் உருப்பெற்ற சி மொழியும் ஒரு செயல்முறைக்கு ஒரே இயக்க ஓட்டம் என்ற எண்ணத்தில் அமைந்தவை. ஒரு நிரல் கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்டு அது நிறைவேறாவிட்டால், பெரும்பாலும் -1 என்ற விடை வரும். காரணத்தை அறிய 'எர்நோ' என்ற முழுதளாவிய மாறியைப் பார்க்க வேண்டும். கோப்பு இல்லை என்றால் அதில் 2 இருக்கும். கெர்னல் அழைப்பு இடையில் குறுக்கிடப்பட்டது என்றால் 4 இருக்கும். ஓட்டம் ஒன்றே என்பதால் மாறியும் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சி மொழியின் அடிப்படை நிரலகத்திலும் இதே எண்ணம் ஊறியிருந்தது. ஒரு சரத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் 'ஸ்டர்டாக்' செயற்கூறு, எந்த இடம்வரை பிரித்தோம் என்பதைத் தனக்குள் மறைவான ஒரு சுட்டில் நினைவு வைத்திருக்கும். நேரத்தை நாள், மாதம், ஆண்டாகப் பிரித்துத் தரும் 'லோக்கல்டைம்' செயற்கூறு, விடையை நிலையான ஓரிடத்தில் எழுதிவிட்டு அதன் முகவரியைத் திருப்பித் தரும். அடுத்த அழைப்பு வந்தால் அதே இடத்தில் புதிய விடை எழுதப்படும்.

இழைகளின் வருகை

1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் கெர்னல் போன்ற ஆய்வுத் திட்டங்கள், ஒரு செயல்முறைக்குள் பல இழைகள் என்ற அமைப்பைப் பரவச் செய்தன. பழைய நிரலகங்கள் இந்த அமைப்பில் உடனே தடுமாறின.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் இழை ஒரு கோப்பைத் திறக்க முயல்கிறது. கோப்பு இல்லை, எர்நோவில் 2 எழுதப்படுகிறது. அந்த இழை எர்நோவைப் படிப்பதற்குள் இரண்டாம் இழையின் கெர்னல் அழைப்பு குறுக்கிடப்பட்டு, அதே மாறியில் 4 எழுதப்படுகிறது. இப்போது முதல் இழை படித்தால் 4 கிடைக்கும். கோப்பு இல்லை என்று பயனருக்குச் சொல்ல வேண்டிய நிரல், குறுக்கீடுதானே என்று நினைத்து மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கும். இத்தகைய பிழை பத்தாயிரம் முறையில் ஒரு முறை தோன்றலாம். சோதனைக் கூடத்தில் வராமல் பயனரிடம் போன பிறகு வரலாம்.

இதற்கு இருவகைத் தீர்வுகள் எழுந்தன. முதலாவது, மறைவான நிலையை வெளிப்படையாக்குவது. போசிக்ஸ் 1003.1சி தரநிலை 'ஸ்டர்டாக்_ஆர்', 'லோக்கல்டைம்_ஆர்' என்று பெயரின் இறுதியில் 'ஆர்' சேர்ந்த செயற்கூறுகளை அறிமுகம் செய்தது. இவற்றை அழைப்பவரே விடைக்கான இடத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் எர்நோவை இப்படி மாற்ற இயலாது. உலகில் எழுதப்பட்ட சி நிரல்கள் அனைத்தும் அந்தப் பெயரை நேரடியாகப் பயன்படுத்தி வந்தன.

இரண்டாவது தீர்வு, பெயரை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுவது. 1989-இல் வெளிவந்த ஆன்சி சி தரநிலை, எர்நோ ஒரு மாறியாகவே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தவில்லை. மேக்ரோவாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டிருந்தது. இந்த இடைவெளி பின்னர் கைகொடுத்தது. குனூ சி நிரலகம் எர்நோ என்ற சொல்லை ஒரு செயற்கூறு அழைப்பாக மாற்றியது. அந்தச் செயற்கூறு அழைக்கும் இழைக்குரிய எர்நோ எங்கே இருக்கிறது என்ற முகவரியைத் தரும். பழைய நிரல் வரிகள் மாறாமலே, ஒவ்வோர் இழைக்கும் ஓர் எர்நோ கிடைத்தது.

தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல், எர்நோ வெளியே எங்கோ உள்ள ஒரு முழு எண் மாறி என்று தாமாகவே அறிவித்துக்கொண்ட நிரல்களும் பல இருந்தன. அவை ஒரு பத்தாண்டுக்குப் பிறகு, 2003-ஐ ஒட்டிய காலத்தில், லினக்ஸில் எர்நோ உண்மையிலேயே இழைசார் மாறியானபோது இணைப்பியின் பிழைச் செய்தியோடு நின்றுபோயின.

போசிக்ஸ் தந்த சாவி

எர்நோவுக்கு இயங்குதளமே வழி செய்துவிட்டது. பிற நிரலக ஆசிரியர்களுக்கும் அதே வசதி தேவைப்பட்டது. தரவுத்தள இணைப்பு, பிழைச் செய்தி, இடைக்கால நினைவகம் என எதை வேண்டுமானாலும் அவர்கள் இழைக்கு ஒன்றாக வைக்க விரும்பலாம். ஒரு நிரலில் எத்தனை நிரலகங்கள் சேரும், அவை எவை என்பது முன்கூட்டியே தெரியாது. ஆகவே இயங்கும் நேரத்தில் இடம் கேட்டுப் பெறும் முறை வேண்டியிருந்தது.

போசிக்ஸ் இதற்கு நான்கு செயற்கூறுகளைத் தந்தது. 'பித்ரெட் கீ கிரியேட்' ஒரு புதிய சாவியைப் பதிவு செய்யும். 'பித்ரெட் செட்ஸ்பெசிஃபிக்' அழைக்கும் இழைக்காக அச்சாவியின்கீழ் ஒரு சுட்டை வைக்கும். 'பித்ரெட் கெட்ஸ்பெசிஃபிக்' அதைத் திருப்பித் தரும். 'பித்ரெட் கீ டிலீட்' பதிவை நீக்கும்.

இந்த அமைப்பை ஒரு தெருவின் வீடுகளோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி எண்ணிட்ட அலமாரித் தட்டுகள் உள்ளன. தெருவுக்குப் பொதுவாக ஒரு பதிவேடு இருக்கிறது. ஒரு நிரலகம் வந்து கேட்டால் பதிவேட்டில் 7 என்ற எண் அதற்கு ஒதுக்கப்படும். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏழாம் தட்டு அந்த நிரலகத்துக்கு உரியது. தட்டில் உள்ள பொருள் வீட்டுக்கு வீடு வேறுபடும். வீடு ஓர் இழை. தட்டின் எண் சாவி.

சாவியைப் பதிவு செய்யும் வேலை ஒரு முறை மட்டுமே நடக்க வேண்டும். இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் ஒரே நிரலகத்துக்குள் நுழைந்து ஆளுக்கொரு சாவி பெற்றுவிட்டால், ஒன்றில் வைத்ததை மற்றொன்றில் தேடும் குழப்பம் நேரும். இதைத் தடுக்க 'பித்ரெட் ஒன்ஸ்' என்ற துணைச் செயற்கூறும் தரநிலையில் இடம்பெற்றது. எத்தனை இழைகள் அழைத்தாலும் குறிப்பிட்ட வேலை ஒரே முறை நடப்பதை அது உறுதி செய்யும்.

மதிப்பைப் படிக்கும் செயற்கூறு எந்தப் பிழையையும் அறிவிக்காது. தவறான சாவியைக் கொடுத்தாலும் அதைக் கண்டறியும் கடமை அதற்கு இல்லை. மிக அடிக்கடி அழைக்கப்படும் செயற்கூறு என்பதால், பிழை சொல்வதைவிட வேகமும் எளிமையும் முக்கியம் என்று தரநிலையை வகுத்தவர்கள் முடிவு செய்தனர்.

இழை முடியும்போது

பதிவு செய்யும்போதே, சாவியோடு ஓர் அழிப்பிச் செயற்கூறையும் கொடுக்கலாம் என்பது போசிக்ஸ் வடிவமைப்பின் முக்கியக் கூறு. ஓர் இழை முடியும்போது அச்சாவியின்கீழ் வெற்றல்லாத சுட்டு இருந்தால், அதை அழிப்பியிடம் கொடுத்து நிரலகம் துப்புரவு செய்யும். வீட்டைக் காலி செய்யும்போது ஏழாம் தட்டில் இருப்பதை அப்புறப்படுத்த யாரை அழைக்க வேண்டும் என்று பதிவேட்டிலேயே எழுதி வைப்பது போன்றது இது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல சாவிகள் இருந்தால் அழிப்பிகள் எந்த வரிசையில் அழைக்கப்படும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. ஒரு நிரலகத்தின் அழிப்பி தன் வேலைக்காக மற்றொரு நிரலகத்தை அழைக்கலாம். அந்த நிரலகமோ தன் தரவை ஏற்கெனவே அழித்திருக்கலாம். அப்போது அது புதிதாகத் தரவை உருவாக்கிச் சாவியின்கீழ் வைத்துவிடும். காலி செய்த தட்டில் மீண்டும் பொருள் வந்துவிடும்.

இதற்காக அழிப்பிகளின் சுற்று முடிந்தபின் வெற்றல்லாத மதிப்பு எஞ்சியிருந்தால் மற்றொரு சுற்று நடத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இரண்டு அழிப்பிகள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருந்தால் இழை ஒருபோதும் முடியாது என்பதால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குப் பிறகு நிறுத்திக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. அந்த எண்ணிக்கை குறைந்தது 4. நான்கு சுற்றுக்குப் பின்னும் எஞ்சியவை கசிந்துபோகலாம் என்பது இதன் பொருள்.

மற்றொரு நுணுக்கம் முதன்மை இழையைப் பற்றியது. சி நிரலின் 'மெயின்' செயற்கூறு திரும்பினால் முழுச் செயல்முறையும் முடிகிறது. அப்போது இழைசார் அழிப்பிகள் அழைக்கப்படுவதில்லை. கோப்பில் எழுத வேண்டிய எஞ்சிய தரவை அழிப்பியில் எழுதலாம் என்று நம்பிய நிரல்கள், முதன்மை இழையின் தரவை மட்டும் இழந்தன.

குனூ சி நிரலகத்தின் பதிவேடு

சாவிகளுக்கு வரம்பு உண்டு. ஒரு செயல்முறைக்குக் குறைந்தது 128 சாவிகளாவது கிடைக்க வேண்டும் என்பது போசிக்ஸ் விதி. மசல் எனும் சிறிய சி நிரலகம் 128 சாவிகளோடு நின்றுகொள்கிறது. குனூ சி நிரலகம் 1024 சாவிகளைத் தருகிறது.

குனூ சி நிரலகத்தில் இழைக்கான அட்டவணை இரண்டு அடுக்குகளாக, 32 தொகுதிகளில் தொகுதிக்கு 32 இடங்களாக அமைந்துள்ளது. முதல் தொகுதி இழையின் விவரக் கட்டமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே முதல் 32 சாவிகளைப் பயன்படுத்தும்வரை தனியாக நினைவகம் ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான நிரல்களுக்கு இதுவே போதும். மேலே உள்ள தொகுதிகள் தேவைப்படும்போது மட்டும் ஒதுக்கப்படும்.

பதிவேட்டின் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரிசை எண்ணும் ஓர் அழிப்பியின் முகவரியும் உண்டு. வரிசை எண் இரட்டைப்படையாக இருந்தால் சாவி காலி. ஒற்றைப்படையாக இருந்தால் பயன்பாட்டில் உள்ளது. புதிய சாவி கேட்கும்போது, நிரலகம் பதிவேட்டை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இரட்டைப்படை எண் கொண்ட முதல் இடத்தில் எண்ணை ஒன்று கூட்டும். இதைப் பூட்டு போடாமல், ஒப்பிட்டு மாற்றும் அணுநிலைக் கட்டளையால் செய்கிறது. இரண்டு இழைகள் ஒரே இடத்தைக் கேட்டால் ஒன்று மட்டுமே வெல்லும். தோற்றது அடுத்த இடத்தைப் பார்க்கும்.

வரிசை எண்ணின் பயன் சாவியை நீக்கும்போது விளங்கும். ஏழாம் சாவியின் எண் 1 என்று கொள்வோம். ஓர் இழை அதன்கீழ் தரவை வைக்கும்போது, தரவுக்குப் பக்கத்தில் 1 என்பதையும் குறித்துக்கொள்கிறது. பிறகு சாவி நீக்கப்படுகிறது. எண் 2 ஆகிறது. மற்றொரு நிரலகம் அதே சாவியைப் பெறுகிறது. எண் 3 ஆகிறது. பழைய இழையில் பழைய தரவு இன்னும் கிடக்கிறது. புதிய நிரலகம் அந்த இழையில் ஏழாம் சாவியைப் படித்தால், தரவோடு உள்ள 1-உம் பதிவேட்டில் உள்ள 3-உம் பொருந்தவில்லை என்று கண்டு வெற்றுச் சுட்டு திருப்பப்படுகிறது. முந்தைய குடியிருப்பாளரின் பொருளைப் புதியவர் தனது என்று எண்ணிவிடும் ஆபத்து இப்படித் தவிர்க்கப்படுகிறது. மசல் நிரலகம் வேறு வழியைத் தேர்ந்தது: சாவி நீக்கப்படும்போது எல்லா இழைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து அந்த இடத்தை வெறுமையாக்குகிறது.

இரண்டு வழிகளிலும் ஒன்று மட்டும் பொது. சாவியை நீக்கும்போது அழிப்பிகள் அழைக்கப்படுவதில்லை. ஏற்கெனவே இழைகளில் வைத்த தரவைத் துப்புரவு செய்வது நிரலகத்தின் சொந்தப் பொறுப்பு என்று போசிக்ஸ் விட்டுவிட்டது. ஆனால் ஓர் இழையிலிருந்து மற்றோர் இழையின் சாவி மதிப்பைப் படிக்க எந்தச் செயற்கூறும் இல்லை. நிரலகம் தான் கொடுத்தவற்றுக்கெல்லாம் தனியே கணக்கு வைத்திருந்தால் மட்டுமே இந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியும்.

விண்டோஸ் சென்ற வழி

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 இதே சிக்கலை வேறு விதமாக அணுகியது. அதில் 'டிஎல்எஸ் அல்லோக்' செயற்கூறு ஓர் எண்ணை ஒதுக்கித் தரும். தொடக்கத்தில் செயல்முறைக்கு 64 எண்களே கிடைத்தன. விண்டோஸ் 2000 முதல் இது 1088 ஆனது: இழையின் விவரக் கட்டமைப்புக்குள் உள்ள பழைய 64 இடங்களோடு, தேவைப்படும்போது ஒதுக்கப்படும் 1024 இடங்கள் சேர்ந்தன.

இந்த எண்ணோடு அழிப்பியைப் பதிவு செய்ய வழியில்லை. அதற்குப் பதிலாக, இழை தொடங்கும்போதும் முடியும்போதும் ஒவ்வொரு டிஎல்எல் நிரலகத்துக்கும் இயங்குதளம் செய்தி அனுப்பும். முடியும் செய்தி வந்தால் நிரலகம் தன் தரவைத் தானே துப்புரவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் நிரலகம் ஏற்றப்படுவதற்கு முன்பே இயங்கிக்கொண்டிருந்த இழைகளுக்குத் தொடக்கச் செய்தி வருவதில்லை. டிஎல்எல் அல்லாத முதன்மை நிரலுக்கு இச்செய்திகள் இவ்வழியாக வருவதும் இல்லை. பின்னாளில் விண்டோஸ் சர்வர் 2003, விண்டோஸ் விஸ்டா ஆகியவற்றோடு வந்த 'எஃப்எல்எஸ் அல்லோக்' செயற்கூறு, பதிவு செய்யும்போதே அழிப்பியையும் ஏற்றுக்கொண்டது. போசிக்ஸ் முதலில் எடுத்த முடிவுக்கே விண்டோஸும் வந்து சேர்ந்தது.

நிரல்பெயர்ப்பியின் பொறுப்பு

சாவி முறையில் ஒவ்வொரு முறையும் ஒரு செயற்கூறு அழைப்பு தேவை. மாறியை அறிவிக்கும்போதே அது இழைசார்ந்தது என்று ஒரு சொல்லால் குறித்துவிட்டால் நிரல்பெயர்ப்பியே மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் நிரல்பெயர்ப்பியில் இதற்கான குறிப்பு முன்பே இருந்தது. ஆனால் விண்டோஸ் விஸ்டாவுக்கு முன்பு, நிரல் இயங்கும்போது இடையில் ஏற்றப்பட்ட டிஎல்எல்களில் அது சரியாக வேலை செய்யவில்லை.

லினக்ஸில் இந்த மாற்றம் 2002, 2003 ஆண்டுகளில் நிகழ்ந்தது. அதுவரை சேவியர் லெராய் எழுதிய லினக்ஸ்த்ரெட்ஸ் நிரலகம் பயன்பாட்டில் இருந்தது. உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் என்பிடிஎல் என்ற புதிய இழை நிரலகத்தை உருவாக்கினர். கெர்னலில் இழைக்கென ஒரு நினைவகப் பகுதியை அமைக்கும் அழைப்பு சேர்க்கப்பட்டது. எக்ஸ்86 செயலியில் 'ஜிஎஸ்' என்ற பதிவகமும், பின்னர் 64 பிட் செயலியில் 'எஃப்எஸ்' பதிவகமும் நடப்பு இழையின் பகுதியைச் சுட்டின. அந்தப் பதிவகத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவில் மாறி இருக்கும். எர்நோவைப் படிப்பது செயற்கூறு அழைப்பிலிருந்து ஒரே கட்டளையாகக் குறுக வழி பிறந்தது. 2003-இல் வெளிவந்த ஜிசிசி 3.3 இதற்கான சொல்லை ஏற்றுக்கொண்டது.

முதன்மை நிரலோடு சேர்ந்தே ஏற்றப்படும் நிரலகத்தின் மாறிகளுக்கு இந்தத் தொலைவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பின்னர் ஏற்றப்படும் நிரலகத்துக்குத் தெரியாது. ஆகவே முகவரியைத் தேடித் தரும் மெதுவான வழியும் வைக்கப்பட்டது. வேகத்துக்காக நேரடி வழியைக் கேட்டுத் தொகுக்கப்பட்ட நிரலகங்களை இடையில் ஏற்றினால், ஒதுக்கி வைத்த சிறிய உபரி இடம் தீர்ந்துபோய், நிலையான பகுதியில் நினைவகம் ஒதுக்க இயலவில்லை என்ற பிழை வரும். இன்றும் பயனர்கள் காணும் பிழை இது.

2011-ஆம் ஆண்டின் சி, சி++ தரநிலைகள் இழைசார் மாறியை மொழியின் பகுதியாகவே ஆக்கின. சி++ மொழியில் இம்மாறிகளுக்கு ஆக்கியும் அழிப்பியும் இருக்கலாம் என்பதால் துப்புரவுச் சிக்கல் மீண்டும் தலைதூக்கியது.

நிரலகம் இறக்கப்படும்போது

இழைசார் தரவின் மிகக் கடுமையான விபத்து, நிரலகம் நினைவகத்திலிருந்து இறக்கப்படும்போது நேர்கிறது. சொருகு நிரலகம் ஒன்று ஏற்றப்படுகிறது. அழிப்பியோடு ஒரு சாவியைப் பதிவு செய்கிறது. சில இழைகளில் தரவை வைக்கிறது. பிறகு அது இறக்கப்படுகிறது. சாவியை நீக்க மறந்துவிட்டால், பதிவேட்டில் அழிப்பியின் முகவரி அப்படியே இருக்கும். அந்த முகவரியில் இப்போது நிரல் எதுவும் இல்லை. சிறிது நேரம் கழித்து, நிரலகத்தோடு தொடர்பே இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்த ஓர் இழை முடியும்போது, இல்லாத அழிப்பி அழைக்கப்பட்டு முழு நிரலும் நொறுங்கும். காரணமான நிரலகத்தின் தடயம் நினைவகத்தில் இல்லாததால் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். சாவியை நீக்கிவிட்டால் நொறுங்காது. ஆனால் இழைகளில் உள்ள தரவு கசியும்.

சாவியை நீக்கும் செயற்கூறு தரநிலையில் இடம்பெற்றதற்கு இத்தகைய நிரலகங்களும் ஒரு காரணம். ஆனால் உரிய நேரத்தில் அதை அழைக்க வேண்டியது நிரலரே. 2013-இல் வெளிவந்த குனூ சி நிரலகம் 2.18, சி++ மாறிகளைப் பொறுத்தவரை இப்பொறுப்பைத் தானே ஏற்றது. இழை முடியும்போது அழைக்க வேண்டிய ஒவ்வோர் அழிப்பியும் எந்த நிரலகத்தைச் சேர்ந்தது என்ற குறிப்போடு பதிவாகிறது. நிரலகத்துக்கு எத்தனை அழிப்பிகள் நிலுவையில் உள்ளன என்ற எண்ணிக்கையும் வைக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கை சுழியாகும்வரை, இறக்கச் சொன்னாலும் நிரலகம் நினைவகத்திலேயே இருக்கும்.

பிற மொழிகளின் நிரலகங்கள்

பிற மொழிகளின் அடிப்படை நிரலகங்களும் இதே சாவிகளின் மீது கட்டப்பட்டன. அவற்றின் ஆசிரியர்கள் தரநிலை சொல்லாமல் விட்ட இடங்களில் இடறினர்.

பைத்தானின் உள்ளமைப்பில் சாவி ஒரு முழு எண் என்று நெடுநாள் கருதப்பட்டது. லினக்ஸில் அப்படித்தான் இருந்தது. ஆனால் போசிக்ஸ் அவ்வாறு உறுதி தரவில்லை. சிக்வின் சூழலில் சாவி ஒரு சுட்டாக இருந்ததால் அங்குப் பழைய முறை பொருந்தவில்லை. 2018-இல் வெளிவந்த பைத்தான் 3.7, சாவியின் உள்ளமைப்பை வெளியே காட்டாத புதிய இடைமுகத்தைச் சேர்த்தது.

ரஸ்ட் மொழியின் நிரலகம், சாவி இன்னும் உருவாக்கப்படவில்லை என்பதைக் குறிக்க 0 என்ற எண்ணைப் பயன்படுத்தியது. போசிக்ஸோ 0 என்ற எண்ணையே சாவியாகத் தரலாம். எனவே அந்த நிரலகம், 0 கிடைத்தால் மற்றொரு சாவியைக் கேட்டுப் பெற்றபின் 0-ஐத் திருப்பிக் கொடுத்துவிடும்.

வரம்புக்குட்பட்ட சாவிகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறையும் வளர்ந்தது. நேரடி வசதி இல்லாத இயங்குதளங்களுக்காக நிரல்பெயர்ப்பிகள் இழைசார் மாறிகளைப் போலச்செய்யும்போது, மாறிக்கு ஒரு சாவி கேட்பதில்லை. ஒரே சாவியின்கீழ் ஓர் அணியை வைத்து, எல்லா மாறிகளையும் அதில் அடுக்குகின்றன. ஆண்ட்ராய்டு 10-க்கு முன்பு அந்த இயங்குதளத்தில் இம்முறையே நடைமுறையில் இருந்தது.

முடியாத இழைகளும் இன்றைய நிலையும்

அழிப்பி முறை முழுவதும் இழை ஒரு நாள் முடியும் என்ற எண்ணத்தில் நிற்கிறது. வலைச் சேவையகங்கள் இந்த எண்ணத்தைக் குலைத்தன. அவை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இழையை உருவாக்குவதில்லை. ஒரு தொகுதி இழைகளை வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. இழை முடிவதில்லை, அழிப்பியும் அழைக்கப்படுவதில்லை.

1998-இல் வெளிவந்த ஜாவா 1.2, 'த்ரெட்லோக்கல்' என்ற வகுப்பை அறிமுகம் செய்தது. பயனரின் அடையாளத்தை அதில் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கோரிக்கை முடிந்ததும் அதை நீக்க மறந்தால், அதே இழைக்கு வரும் அடுத்த பயனரின் கோரிக்கை முந்தைய பயனரின் அடையாளத்தோடு இயங்கக்கூடும். இங்கு ஆபத்து நினைவகக் கசிவோடு நிற்பதில்லை. ஒருவரின் கணக்கு மற்றொருவருக்குத் திறந்துவிடும்.

2023-இல் வெளிவந்த ஜாவா 21, இலட்சக்கணக்கில் உருவாக்கத்தக்க மெய்நிகர் இழைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் தன் படியை வைத்திருப்பது அத்தகைய எண்ணிக்கையில் சுமையாகும். அதே பதிப்பில் முன்னோட்டமாக வந்த வரையெல்லை மதிப்புகள் வேறு வழியைக் காட்டின. அவற்றில் ஒரு மதிப்பு குறிப்பிட்ட நிரல் பகுதி இயங்கும்வரை மட்டுமே இருக்கும். அப்பகுதி முடிந்ததும் தானாகவே விலகிவிடும். நீக்குவதற்கென ஓர் அழைப்பு தேவையில்லை. பைத்தான் 3.7-இல் வந்த சூழல் மாறிகள், மதிப்பை இழையோடு கட்டாமல் நடந்துகொண்டிருக்கும் பணியோடு கட்டின.

போசிக்ஸ் சாவிகள் இன்றும் நீக்கப்படவில்லை. நேரடி இழைசார் மாறிகள் பரவிய பின்னும், இழை முடியும்போது ஒரு செயற்கூறை அழைக்க சி மொழி நிரலகங்களுக்கு எங்கும் செல்லுபடியாகும் வழி அவையே. சி மொழியின் இழைசார் மாறிக்கு அழிப்பி கிடையாது என்பதால், மாறியை ஒரு சொல்லால் அறிவித்துவிட்டு, துப்புரவுக்காக மட்டும் ஒரு சாவியைப் பதிவு செய்யும் நிரலகங்கள் பல உள்ளன. சாவியைப் பதிவு செய்யும் அந்த நிரல் வரியை எழுதும்போதே அதை நீக்கும் வரி எங்கே வரும் என்பதையும் முடிவு செய்யும் நிரலகங்களே நெடுநாள் நொறுங்காமல் ஓடுகின்றன.